ப்ராசசர் ஃபேன் சத்தமும் கேளம்பாக்கத்து வெயிலும் – ஒரு சிறு வரலாறு

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் விண்டோஸ் இசைக்கு முன்பே கேட்பது ஃபேன் சத்தம்தான். 2000-களில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இருந்த வீடுகளில் இதைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அதிலும் ஏப்ரல், மே வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மேசைக்கு அடியில் மிக்ஸி ஓடுவது போல இருக்கும். ஒரே அறையில் வீடு முழுக்கத் தூங்கும்போது, ராத்திரி பதினோரு மணிக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கும் மாணவனுக்கு "மொதல்ல அதை நிறுத்துடா" என்ற குரல் நிச்சயம்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் கவனித்திருப்பீர்கள். அதே ப்ராசசர், அதே ஃபேன் உள்ள கம்ப்யூட்டர் காலேஜ் லேபில் சாதுவாக ஓடும். வீட்டுக்கு வந்தால் கத்தும். "டூப்ளிகேட் ஃபேன் போட்டுட்டான்" என்று கடைக்காரரைத் திட்டியவர்கள் அதிகம். பெரும்பாலும் கடைக்காரர் மேல் தப்பில்லை. 30, 38 என்ற இரண்டு எண்களும், மதர்போர்டில் மிச்சம் பிடிக்கப்பட்ட சில ரூபாய்களும்தான் காரணம். அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது.

ஃபேன் இல்லாத காலம்

ப்ராசசருக்கு என்று தனி ஃபேன் தொடக்கத்தில் கிடையாது. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இருந்த 8088 ப்ராசசர் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் மேல் ஹீட் சிங்க் கூட இல்லை. பெட்டிக்குள் இருந்த ஒரே ஃபேன் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருந்ததுதான். 286, 386 காலத்திலும் ஏறக்குறைய இதே நிலைமை. வேகமான 486 ப்ராசசர்கள் வந்தபோதுதான் ஹீட் சிங்கும், சிலவற்றில் அதன் மேல் சின்ன ஃபேனும் தலைகாட்டின.

1993-ல் இன்டெல் முதல் பென்டியத்தை 60, 66 மெகாஹெர்ட்ஸ் வேகங்களில் வெளியிட்டது. 5 வோல்ட்டில் ஓடிய அது அதிகபட்சமாகச் சுமார் 15 வாட் வெப்பத்தைக் கக்கியது. இன்றைக்கு 15 வாட் என்பது லேப்டாப் கணக்கு. அன்றைக்கு அதுவே பெரிய சூடு. அதற்குப் பிறகு ஃபேன் இல்லாத டெஸ்க்டாப் ப்ராசசர் அபூர்வமாகிவிட்டது.

அந்தக் காலத்து ஃபேனுக்கு இரண்டே ஒயர்கள். சிவப்பில் 12 வோல்ட், கறுப்பு எர்த். மின்சாரம் வந்தால் முழு வேகத்தில் சுற்றும், இல்லாவிட்டால் நிற்கும். தூசி அடைத்து நின்றுபோனால் கம்ப்யூட்டருக்கே தெரியாது.

இதற்குத் தீர்வாக வந்தது மூன்றாவது ஒயர். ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றினால் இந்த ஒயர் வழியாக இரண்டு துடிப்புகள் போகும். போர்டில் உள்ள சிப் அவற்றை எண்ணி ஆர்.பி.எம். என்ன என்று சொல்லிவிடும். 1990-களின் நடுவில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்.எம்.78 போன்ற சிப்கள் வெப்பம், வோல்டேஜ், ஃபேன் வேகம் மூன்றையும் அளக்க ஆரம்பித்தன. பின்னர் தைவானின் வின்பாண்ட், ஐ.டி.இ. நிறுவனங்கள் இந்த வேலையை, கீபோர்டு, பிரிண்டர் போர்ட்டுகளைக் கவனிக்கும் சூப்பர் ஐ/ஓ சிப்புக்குள்ளேயே அடக்கிவிட்டன. பயாஸில் "சி.பி.யூ. ஃபேன் ஸ்பீட் 2800" என்று தெரிவது இந்தச் சிப்பின் தயவால்தான்.

இதைப் படிக்க மென்பொருள்களும் வந்தன. லினக்ஸில் எல்.எம்.-சென்சார்ஸ் திட்டம் 1998-ல் பிறந்தது. விண்டோஸுக்கு இத்தாலியைச் சேர்ந்த அல்ஃப்ரெடோ மிலானி கோம்பரெட்டி எழுதிய ஸ்பீட்ஃபேன் 2000-ல் வந்து உலகம் முழுக்கப் பரவியது. அதன் கடைசிப் பதிப்பான 4.52 வெளியானது 2016-ல்.

ஆனால் ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்வது வேறு, அந்த வேகத்தைக் குறைப்பது வேறு. மூன்றாவது ஒயர் முதல் வேலையை மட்டுமே செய்தது.

வாட் ஏற ஏற...

2000-க்குப் பிறகு இன்டெலும் ஏ.எம்.டி.யும் மெகாஹெர்ட்ஸ் பந்தயத்தில் இறங்கின. 2001-ல் வந்த 1.4 கிகாஹெர்ட்ஸ் ஆத்லான் 72 வாட் சூடு கக்கியது. அதைக் குளிர்விக்க 60 மில்லிமீட்டர் ஃபேன்களை நிமிடத்துக்கு 7000 சுற்று வரை ஓட்டினார்கள். அதே வருடம் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் வெளியிட்ட வீடியோவை அந்தக் காலத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசசரின் மேலிருந்து ஹீட் சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. ஆத்லான் புகைந்து செத்தது!

2004 பிப்ரவரியில் இன்டெல் வெளியிட்ட ப்ரெஸ்காட் வகை பென்டியம் 4 இந்தக் கதையின் உச்சம். அதன் வேகமான மாடல்கள் 100 வாட்டைத் தாண்டின. 3.8 கிகாஹெர்ட்ஸ் மாடலுக்கு 115 வாட்.

விலை உயர்ந்த ப்ராசசர் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைத்தால் தவறு. மாணவர்கள் வாங்கிய செலரான் டி-யும் அதே ப்ரெஸ்காட் குடும்பம்தான். அதன் தொடக்க மாடல்களே 73 வாட். வேலை இல்லாத நேரத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஸ்பீட்ஸ்டெப் வசதியும் அதில் கிடையாது. ஏ.எம்.டி. 2003-ல் ஆத்லான் 64-உடன் "கூல் அண்ட் க்வைட்" என்ற பெயரில் இதே மாதிரி வசதியைத் தந்திருந்தது. செலரான் டி-க்கு அந்தப் பாக்கியம் இல்லை. குறைந்த விலைக்கு வாங்கியவருக்கு வேகம் குறைவாகக் கிடைத்தது, சூடு மட்டும் குறையாமல் கிடைத்தது.

30-ம் 38-ம்

சத்தத்தைப் பற்றி இன்டெல் கவலைப்படாமல் இல்லை. பாக்ஸில் வரும் பென்டியம் 4 ஃபேனின் நடுவில் தெர்மிஸ்டர் என்ற சின்ன வெப்ப உணரியை வைத்தது. ஃபேனுக்குள் நுழையும் காற்று எவ்வளவு சூடோ அதற்கேற்ப ஃபேனே தன் வேகத்தைத் தீர்மானித்துக்கொள்ளும். மதர்போர்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இன்டெலின் கையேட்டில் இதற்கான எல்லைகள் இருக்கின்றன. கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று 30 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஃபேன் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும். அதற்கு மேலே போகப் போக வேகம் கூடும். சுமார் 38 டிகிரியைத் தொட்டால் முழு வேகம்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இந்த ஃபேன் ப்ராசசரின் சூட்டைப் பார்க்கவில்லை, தன்னைச் சுற்றியுள்ள காற்றின் சூட்டைத்தான் பார்த்தது. இரண்டு, 30 டிகிரி என்பது கேபினெட்டுக்கு வெளியே அல்ல, உள்ளே. உள்ளே 30 இருக்க வேண்டுமானால் அறை அதைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

எவ்வளவு குளிர்ச்சியாக? ஒரு சின்னக் கணக்கு. கம்ப்யூட்டர் 100 வாட் வெப்பம் கக்குகிறது, நிமிடத்துக்கு 30 கன அடி காற்று உள்ளே வந்து வெளியே போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்று சுமார் 6 டிகிரி சூடேறும். அதாவது அறையில் 24 டிகிரி இருந்தால் உள்ளே 30, ஃபேன் மெதுவாக ஓடும். அறையில் 32 இருந்தால் உள்ளே 38, ஃபேன் முழு வேகம். காலேஜ் லேபில் ஏ.சி. உண்டு, வீட்டில் இல்லை. லேபுக்கும் வீட்டுக்கும் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான்!

கேளம்பாக்கத்தில் அந்த எண்கள்

கேளம்பாக்கம் பழைய மகாபலிபுரம் சாலையில், வண்டலூரிலிருந்து வரும் சாலையும் கோவளத்துக்குப் போகும் சாலையும் சேரும் இடம். உப்பளங்களும் வயல்களுமாக இருந்த ஊர். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்ட பிறகு அந்தச் சாலையே மாறிப்போனது. சிறுசேரியில் சிப்காட் ஐ.டி. பூங்கா வந்தது. படூர், காலவாக்கம் பக்கம் இன்ஜினீயரிங் காலேஜ்கள் இருந்தன. வாடகை அறைகளில் மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் நிரம்பினார்கள். அறைக்கு ஒரு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்று ஆனது.

சென்னையில் மே மாதச் சராசரி உச்ச வெப்பநிலை 37 டிகிரியை ஒட்டி இருக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. பகலை விடுங்கள், மே மாத இரவில் குறைந்தபட்ச வெப்பநிலையே 27, 28 டிகிரிதான். பகல் முழுக்க வெயில் குடித்த மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் ராத்திரி பதினோரு மணிக்கு 32 டிகிரி இருப்பதில் ஆச்சரியம் இல்லை. மேலே சொன்ன கணக்கின்படி அதுவே ஃபேன் முழு வேகத்தைத் தொடும் புள்ளி.

ஆக, கம்ப்யூட்டர் சும்மா இருந்தாலும், நோட்பேட் மட்டும் திறந்திருந்தாலும், ஃபேன் அடங்காது. வேலைக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஊருக்கும் சத்தத்துக்கும்தான் சம்பந்தம். 30 டிகிரியில் அமைதி என்பது குளிர்நாட்டு அறைகளுக்கும் ஏ.சி. அறைகளுக்கும் பொருந்தும் எண். கேளம்பாக்கத்தில் அந்த எண் வருடத்தில் பாதி நாள் செல்லாது.

போர்டில் மிச்சம் பிடித்த ரூபாய்

சரி, மதர்போர்டே ஃபேனை அடக்கியிருக்கலாமே? சிப் இருந்ததே? இருந்தது. பல சூப்பர் ஐ/ஓ சிப்களில் ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதியும் இருந்தது. பிரச்சினை வேறு இடத்தில்.

மூன்று ஒயர் ஃபேனின் வேகத்தைக் குறைக்க அதற்குப் போகும் 12 வோல்ட்டைக் குறைக்க வேண்டும். சிப்பின் மெல்லிய கால் அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. அதற்கு டிரான்சிஸ்டர், இன்னும் சில உதிரி பாகங்கள் தேவை. ஒவ்வொரு ஃபேன் பின்னுக்கும் தனித்தனியாக. ஒரு போர்டுக்குச் சில ரூபாய்தான் என்றாலும் லட்சக்கணக்கான போர்டுகளுக்குப் பெரிய தொகை. எனவே ஆசுஸின் கியூ-ஃபேன், கிகாபைட்டின் ஸ்மார்ட் ஃபேன் மாதிரியான வசதிகள் சற்று விலை கூடிய போர்டுகளில் முதலில் வந்தன. விலை குறைந்த பல போர்டுகளில் ஃபேன் பின்னை நேரே 12 வோல்ட்டில் இணைத்துவிட்டார்கள். ஸ்பீட்ஃபேனைப் போட்டு வேகத்தை 50 சதவீதம் என்று வைத்தவர்கள் ஏமாந்தது இதனால்தான். சிப் உத்தரவைக் கேட்டது. ஆனால் அந்த உத்தரவைக் கொண்டுபோக போர்டில் ஒயரிங் இல்லை.

ரிச்சி தெரு வைத்தியம்

போர்டு செய்யாததை மனிதர்கள் கையால் செய்தார்கள். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருதான் சென்னைக்காரர்களின் கம்ப்யூட்டர் சந்தை. கேளம்பாக்கத்து மாணவனுக்கும் அதுதான். கொரியாவின் சால்மன் நிறுவனம் தயாரித்த, திருகி வோல்டேஜைக் குறைக்கும் ஃபேன் மேட் மாதிரியான கருவிகள் உண்டு. அதுவும் வாங்க முடியாதவர்கள் எஸ்.எம்.பி.எஸ். ஒயரில் மஞ்சளுக்கும் (12 வோல்ட்) சிவப்புக்கும் (5 வோல்ட்) நடுவே ஃபேனை இணைத்து 7 வோல்ட்டில் ஓட்டினார்கள். எளிமையான தந்திரம்தான். ஆனால் கொளுத்தும் மதியத்திலும் அதே 7 வோல்ட்தான் என்பது அதன் ஆபத்து.

வேகத்தைக் குறைத்தால் ஏன் இவ்வளவு பலன்? ஃபேன்களுக்குப் பொதுவான விதி ஒன்று உண்டு. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஆனால் தேவைப்படும் மின்திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும், சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். காற்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் சத்தத்தில் நிறையக் கிடைக்கும்.

இன்னும் எளிய வைத்தியங்களும் இருந்தன. ஃபேனின் நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுவது. பிரஷ்ஷால் ஹீட் சிங்க் தூசியைத் தட்டுவது. உலர்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது. எல்லாவற்றையும்விடப் பிரபலமானது கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது!

இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் 30, 38 கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. கதவு திறந்திருந்தால் உள்ளே காற்று சூடேறுவது குறையும். அறையில் 32 என்றால் தெர்மிஸ்டருக்கும் ஏறக்குறைய 32-தான் தெரியும். முழு வேகத்திலிருந்து ஃபேன் இறங்கிவிடும். கையேட்டைப் படிக்காமலேயே மக்கள் கண்டுபிடித்த வழி இது. விலையும் உண்டு. தூசி நேராக உள்ளே வரும். கிழக்கே சில கிலோமீட்டரில் கடல் இருக்கும் ஊரில் உப்புக் காற்றும் சேர்ந்து வரும்.

நான்காவது ஒயர்

2004 ஜூனில் இன்டெல் எல்.ஜி.ஏ.775 சாக்கெட்டை அறிமுகப்படுத்தியது. அதோடு ஃபேனுக்கு நான்காவது ஒயரும் வந்தது. இதற்கான வரையறையை இன்டெல் பொதுவில் வெளியிட்டதால் மற்ற தயாரிப்பாளர்களும் அதைப் பின்பற்றினார்கள்.

இதில் 12 வோல்ட் எப்போதும் குறையாமல் போகும். நான்காவது ஒயரில் ஒரு சிக்னல் மட்டும் போகும். நொடிக்கு 25,000 முறை ஆன், ஆஃப் ஆகும் இந்த முறைக்கு பி.டபிள்யூ.எம். என்று பெயர். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு நேரம் ஆன் என்பதை வைத்து ஃபேனுக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் வேகத்தைத் தீர்மானிக்கும். ஏன் 25,000? மனிதக் காதுக்குக் கேட்பது சுமார் 20,000 வரைதான். குறைந்த வேகத்தில் ஆன், ஆஃப் செய்தால் மோட்டார் டிக் டிக் என்று கேட்கும். சத்தத்தைக் குறைக்க வந்த முறையே சத்தம் போடக் கூடாது அல்லவா!

இந்த ஒயர் இரண்டு காரியங்களைச் செய்தது. முதலாவது, ஃபேன் காற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டு ப்ராசசரைப் பார்க்க ஆரம்பித்தது. ப்ராசசருக்குள் இருக்கும் வெப்ப டையோடின் அளவைப் போர்டு படித்து, அதற்கேற்ப சிக்னல் அனுப்பியது. அறை 34 டிகிரியாக இருந்தாலும் ப்ராசசர் சும்மா இருந்தால் ஃபேனும் அடங்கி ஓடலாம்.

இரண்டாவது விஷயம் விலை குறைந்த போர்டுகளுக்கு முக்கியமானது. மின்னோட்டத்தைத் தாங்கும் டிரான்சிஸ்டர் போர்டிலிருந்து ஃபேனுக்குள் போய்விட்டது. போர்டு அனுப்ப வேண்டியது ஒரு மெல்லிய சிக்னல் மட்டுமே. அதைத் தருவதற்கான சிப் ஏற்கெனவே போர்டில் இருக்கிறது. செலவு இடம் மாறியதும் மலிவு போர்டுகளிலும் அமைதி சாத்தியமானது. பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல எதுவும் இல்லை, ஒரு சின்னச் சர்க்யூட்டை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார்கள். அவ்வளவுதான்.

ஆனாலும் எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. பாக்ஸில் வந்த நான்கு ஒயர் ஃபேனை மூன்று பின்னில் செருகினால் அது பழைய தெர்மிஸ்டர் கணக்குக்கே திரும்பிவிடும். பயாஸில் ஃபேன் கட்டுப்பாட்டை ஆன் செய்யாமலே விட்டவர்களும் உண்டு. எல்.ஜி.ஏ.775 ஹீட் சிங்கைப் பிடித்திருந்த நான்கு பிளாஸ்டிக் புஷ் பின்களில் ஒன்று சரியாக உட்காராவிட்டால் ப்ராசசர் சூடாகும், ஃபேன் கத்தும். மலிவு போர்டுகளில் கேபினெட் ஃபேனுக்கான பின் மட்டும் பல வருடங்கள் மூன்று பின்னாகவே, கட்டுப்பாடு இல்லாமல் இருந்தது.

அதன் பிறகு

சூட்டின் மூலகாரணமும் அப்போதுதான் தணிந்தது. 2004 மே மாதம் ப்ரெஸ்காட்டின் வாரிசான தேஜாஸை இன்டெல் கைவிட்டது. அதே வருடம் அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டமும் ரத்தானது. 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோ 65 வாட்டில் அதைவிட அதிக வேலை செய்தது.

2008-ல் இன்டெல் வெளியிட்ட ஆட்டம் 230 ப்ராசசருக்கு 4 வாட்தான். அதைப் பதித்து வந்த சின்ன போர்டில் ப்ராசசர் மேல் வெறும் ஹீட் சிங்க். ஆனால் பக்கத்தில் இருந்த 945 சிப்செட்டின் மேல் ஃபேன்! ப்ராசசரைவிடப் பல மடங்கு சூடாகும் பழைய சிப்செட்டை விலைக்காக அதோடு சேர்த்திருந்தார்கள். மிச்சம் பிடித்தால் சத்தம் வேறு பக்கம் முளைக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

2011-ல் எச்.61 சிப்செட் போர்டுகள் வந்தன. அந்தச் சமயத்தில் பழைய பயாஸுக்குப் பதில் யு.இ.எஃப்.ஐ. பரவியது. எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம் என்று கோடு வரைந்து சொல்லும் வசதி மெல்ல மெல்ல மலிவு போர்டுகளுக்கும் வந்தது. 2013-ல் இன்டெல் டெஸ்க்டாப் போர்டுத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஆனாலும் எச்.61 ரகம் சாகவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெப்ரானிக்ஸ் உள்ளிட்ட பல பெயர்களில் அந்தப் போர்டுகள் வெகுகாலம் விற்றன. பழைய ப்ராசசரை வீணாக்க விரும்பாத வீடுகள் அவற்றை வாங்கின.

சர்வர் அறைகளுக்கும் ஒரு எண் இருக்கிறது. ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு, சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்று 2008-ல் பரிந்துரைத்தது. அந்த மாதிரிக் குளிர்ந்த அறைகள் சிறுசேரியிலும் உண்டு. அங்கே இயந்திரத்துக்கு ஏற்றபடி அறையை மாற்றுகிறார்கள். நாலு கிலோமீட்டர் தள்ளி மொட்டை மாடி அறையில் இருக்கும் மாணவனால் அது முடியாது. அவன் அறைக்கு ஏற்றபடி இயந்திரம்தான் மாற வேண்டும். நான்காவது ஒயர் செய்தது அதைத்தான்.

இன்றும் மே மாதம் கம்ப்யூட்டர் கத்தினால் புது ஃபேன் வாங்க ஓட வேண்டியதில்லை. தூசி, பேஸ்ட், புஷ் பின், பயாஸில் ஃபேன் கட்டுப்பாடு என்று வரிசையாகப் பார்த்தால் போதும். அதற்கும் முன்னால் ஃபேனில் எத்தனை ஒயர், போர்டில் எத்தனை பின் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. நாலும் நாலும் சேர்ந்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்த மாதிரிதான்.